மெர்குரி ரிப்போர்ட்ல ஒரே ஒரு நம்பர் தான் இருக்கு, அது எந்த வகை மெர்குரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? (கொடைக்கானல்)

மூஞ்சிக்கல்காரன்

வணக்கம் மக்களே. நமக்கு கொடைக்கானல், மூஞ்சிக்கல் பக்கம். வீட்டுக்குக் கீழ ஓடுற ஓடையில தண்ணி எடுத்து ஒரு பிரைவேட் லேப்ல குடுத்தோம், கூடவே ஏரியில தூண்டில்ல பிடிச்ச கெண்டை மீனையும் குடுக்கலாம்னு தான் இருந்தோம், மீனுக்குத் தனி சார்ஜ்னு சொன்னதால தண்ணியோட நிறுத்திட்டோம். ரிப்போர்ட் வந்துருச்சு. மெர்குரி லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம், லிமிட் 1, அதனால வரம்புக்குள்ளன்னு சீல் போட்டுக் குடுத்திருக்காங்க. முறைன்னு போட்ட இடத்துல ஐ.சி.பி எம்.எஸ்.

எங்க ஊர் கதை எல்லாருக்கும் தெரியும். தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001 ல மூடினது, மூஞ்சிக்கல் காயலான் கடையில உடைஞ்ச தெர்மாமீட்டர் கண்ணாடி கெடந்தது, 2003 ல 290 டன் கழிவ கப்பல்ல அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினது எல்லாம். அதனால மெர்குரின்னு பேரப் பாத்தாலே வீட்ல கலங்கிப் போறாங்க. மெர்குரில பல வகை இருக்கு, ஒவ்வொண்ணும் ஒடம்புல ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்த 0.3 அதுல எது? இம்புட்டு விலை உள்ள மெஷின் அதச் சொல்லாதா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

வத்தலக்குண்டு_வாசி

லிமிட்டுக்குள்ள இருக்குன்னு எழுதிக் குடுத்த பிறகும் என்ன கேள்வி தம்பி. அரசாங்கம் 1 மைக்ரோகிராம்னு வச்சிருக்கு, உங்களுக்கு அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மெர்குரி மெர்குரின்னு பேசினா சீசனுக்கு வர்றவன் கூட வர மாட்டான். லாட்ஜ் நடத்துறவங்க, குதிரை ஓட்டுறவங்க, படகு விடுறவங்க எல்லாருக்கும் பொழப்பு இருக்கு. தண்ணி நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் சொல்லுது, சந்தோஷமா இருங்க.

செண்பகனூர்_சாரல்

மூஞ்சிக்கல் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் இந்த மெஷினோட தான் தினமும் வேலை பாக்கறேன், செண்பகனூர்ல பொறந்து வளந்தவ, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஐ.சி.பி எம்.எஸ் ன்னா உள்ள ஆர்கான் வாயு நிமிஷத்துக்கு சுமார் 15 லிட்டர் ஓடிட்டே இருக்கும், ரேடியோ அலை குடுத்து அத பிளாஸ்மா ஆக்கி வச்சிருப்பாங்க, சூடு 6000ல இருந்து 10000 கெல்வின் வரைக்கும். தண்ணிய பொடிப்பொடித் துளியா தெளிச்சு அதுக்குள்ள விடறோம். அந்தச் சூட்டுல எந்த மூலக்கூறும் நிக்காது. மெத்தில் மெர்குரியா (கார்பன் சேந்த, மூளையத் தாக்கற வகை) வந்தாலும் சரி, மெர்குரி குளோரைடா (உப்பு வகை) வந்தாலும் சரி, எல்லாம் பிச்சுக்கிட்டு தனி அணுவாகி, அதுல ஒரு எலக்ட்ரான் போயி அயனி ஆயிரும். அந்த அயனிய வெற்றிடத்துக்குள்ள இழுத்து நிறை வாரியா பிரிச்சு எண்ணுறாங்க. நிறை 202 ல எத்தன எண்ணிக்கை வந்துச்சோ அத வச்சு மெர்குரி எவ்வளவுன்னு கணக்கு. லிட்டர்ல நானோகிராம் அளவுக்குக் கூட பிடிச்சுரும், அதுல சந்தேகமே வேணாம். ஆனா எந்த உருவத்துல வந்துச்சுங்கற சேதி அந்த நெருப்புலயே அழிஞ்சு போச்சு. அதனால உங்க 0.3 ங்கறது எல்லா வகையும் சேந்த கூட்டுத்தொகை. லேப் மேல தப்பு இல்ல, நீங்க கேட்டது அது தான், அவங்க குடுத்ததும் அது தான்.

வகை தெரியணும்னா பிளாஸ்மாவுக்குப் போறதுக்கு முன்னாடியே பிரிக்கணும். பழனி அடிவாரத்துல பல ஊர் பஸ்ல வந்த கூட்டம் ஒண்ணா கலந்து நின்னா யாரு எந்த ஊருன்னு சொல்ல முடியாது, பஸ் பஸ்ஸா வரிசையில விட்டு வாசல்ல எண்ணினா ஊர் வாரியா கணக்கு வந்துரும், அந்த மாதிரி. வரிசையா விடற வேலைய எச்.பி.எல்.சி செய்யுது. மெல்லிசான குழாய்க்குள்ள பொடி அடைச்சிருப்பாங்க, ஒவ்வொரு வகையும் அந்தப் பொடியில ஒவ்வொரு அளவு ஒட்டிக்கிட்டு, ஒவ்வொரு நேரத்துக்கு வெளிய வரும். குழாயோட மறுமுனைய நேரா பிளாஸ்மாவுல மாட்டிருவோம். அப்ப மெஷின் எண்ணுறது அதே மெர்குரி தான், ஆனா எத்தனாவது நிமிஷத்துல வந்துச்சுன்னு ஒரு மேடு விழும். தெரிஞ்ச மெத்தில் மெர்குரிய முன்னாடியே ஓட்டி அதோட நேரத்தக் குறிச்சு வச்சுக்குவோம், சாம்பிள்ல அதே நேரத்துக்கு மேடு வந்தா அது மெத்தில் மெர்குரி. வேற நேரத்துல வந்தா வேற வகை. பேர் தெரியாத மேடு ஒண்ணு வந்துச்சுன்னா ஐ.சி.பி எம்.எஸ் அதுக்குப் பேர் சொல்லாது, அதுக்கு மூலக்கூற உடைக்காம எடை போடற வேற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும்.

வத்தலக்குண்டு அண்ணனுக்கு ஒண்ணு. ஹைதராபாத்ல இருந்து 2006 ல ஒரு ஆய்வு வந்துச்சு, கோடை ஏரித் தண்ணில மொத்த மெர்குரி லிட்டருக்கு 356ல இருந்து 465 நானோகிராம், அதுல மெத்தில் வடிவத்துல இருந்தது 50 நானோகிராம். பேரிஜம், குக்கல் ஏரியில அத விட ரொம்பக் கம்மி. 465 நானோகிராம்ங்கறது 0.465 மைக்ரோகிராம், உங்க லிமிட்ல பாதி கூட இல்ல. அந்த ஒரு நம்பர மட்டும் பாத்திருந்தா கோடை ஏரிக்கும் பாஸ் சீல் தான் விழுந்திருக்கும். மெத்தில் எவ்வளவுன்னு தனியா அளந்ததால தான் ஏரிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுது.

வத்தலக்குண்டு_வாசி

சரிம்மா, ஆனா 50 நானோகிராம்னா எவ்வளவு? ஒரு கிராமுல நூறு கோடில ஒரு பங்கு தான் ஒரு நானோகிராம். அதக் குடிச்சு யாருக்கு என்ன ஆயிரும்? இந்த மாதிரி குட்டி குட்டி நம்பர எடுத்துப் பெருசா பேசறது நியாயமான்னு தான் கேக்கறேன்.

செண்பகனூர்_சாரல்

நியாயமான கேள்வி அண்ணே, கணக்கே போட்டுப் பாப்போம். உலக அளவுல உணவு நிபுணர் குழு 2003 ல மெத்தில் மெர்குரிக்கு வச்ச அளவு, ஒடம்பு எடை ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு வாரத்துக்கு 96. லிட்டருக்கு 50 நானோகிராம் இருக்கற தண்ணிய தினம் ரெண்டு லிட்டர் குடிச்சா வாரத்துக்கு 0.7 மைக்ரோகிராம் தான் ஆகுது. தண்ணி விஷயத்துல நீங்க சொல்றது சரி, குடிக்கறதால பெரிய ஆபத்து இல்ல.

மீன் தான் விஷயம். மெத்தில் மெர்குரி பாசியில ஏறி, பாசியத் தின்ன பூச்சியில ஏறி, பூச்சியத் தின்ன மீன்ல ஏறி, ஒவ்வொரு படியிலயும் கூடிக்கிட்டே போகும், தண்ணில இருந்தத விட மீன் சதையில லட்சக்கணக்கான மடங்கு ஆயிரும். தசையில இருக்கற புரதத்தோட கந்தகத்துல ஒட்டிக்கும், கழுவினாலும் போகாது, வேக வச்சாலும் போகாது. நம்ம நாட்டுல உணவுப் பொருளுக்கு மெத்தில் மெர்குரி லிமிட்னு 2011 விதியில போட்டது கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். அந்த லிமிட்ல நிக்கற மீனயே எடுத்துக்குவோம், கிலோவுக்கு 250 மைக்ரோகிராம். 60 கிலோ ஆள் வாரத்துக்கு 384 கிராம் தின்னா அந்த 96 முடிஞ்சு போச்சு. ரெண்டு வேளை கொழம்பு, அவ்வளவு தான். சின்னப் பிள்ளைங்க எடை கம்மிங்கறதால இன்னும் கம்மியா தான் சாப்பிட முடியும், பிள்ளத்தாச்சிப் பொண்ணுங்களும் கம்மியா தான் சாப்பிடணும், கருவுல இருக்கற பிள்ளையோட மூளை வளர்ச்சிய அது நேரா பாதிக்கும்ங்கறதால இந்த விஷயத்துல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன்.

இன்னொண்ணு, வாயில போனா எவ்வளவு ரத்தத்துல சேருதுங்கறதும் வகைக்கு வகை மாறும். மெத்தில் மெர்குரி குடல்ல 95 சதவீதம் வரைக்கும் உறிஞ்சப்படும். உப்பு வடிவத்துல இருக்கற மெர்குரி 10 சதவீத அளவுல. தெர்மாமீட்டர்ல பாக்கற பாதரசத்த முழுங்கினா 0.01 சதவீதம் கூட இல்ல, ஆனா அதே பாதரசம் ஆவியாகி மூச்சுல போனா 80 சதவீதம் உள்ளயே தங்கிரும். தனிமம் ஒண்ணு தான். இத்தனைக்கும் சேத்து ஒரே நம்பர எழுதி பாஸ் போட்டா அது எனக்கு ஏத்துக்க முடியல.

பாம்பார்_மகன்

அக்கா, எங்க அப்பா அந்த ஃபேக்டரியில வேலை பாத்தவர். இப்ப முடி டெஸ்ட் பண்ணா தெரியும்னு ஒருத்தர் சொல்றார், யூரின் டெஸ்ட் தான் சரின்னு இன்னொருத்தர் சொல்றார். எது பண்ணலாம்?

செண்பகனூர்_சாரல்

தம்பி, இதுவும் வகை சம்பந்தப்பட்டது தான். உள்ள வேலை பாத்தவங்க சுவாசிச்சது ஆவி. அது நுரையீரல் வழியா ரத்தத்துக்குப் போயி அங்க ஆக்சிஜனேற்றம் ஆகி சிறுநீரகத்துல தங்கி யூரின்ல வெளிய வரும், அதனால ஆவிக்கு யூரின் தான் அளவுகோல். முடியில ஏறுறது பெரும்பாலும் மீன் வழியா வந்த மெத்தில் மெர்குரி. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருதுங்கறதால துண்டு துண்டா வெட்டிப் பாத்தா எந்த மாசம் எவ்வளவு மீன் சாப்பிட்டாங்கன்னு கூட தெரியும், ஆனா ஆவியப் பத்தி சரியா சொல்லாது. வேலை பாத்தவர் முடியில கம்மின்னு காட்டி ஒண்ணும் இல்லன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

அதே சமயம் இதையும் சொல்லிடறேன், மனசு கஷ்டப்படாதீங்க. ஒடம்புல ஏறின மெர்குரி ஒண்ணு ரெண்டு மாசத்துல பாதியாகும், மறுபடி ஒண்ணு ரெண்டு மாசத்துல அதுல பாதியாகும். 2001 ல மூடின இடம். இன்னிக்கு அப்பாவோட யூரின் சுத்தமா வந்தாலும் அன்னிக்கு ஒண்ணும் ஏறலன்னு அர்த்தம் ஆகாது. அன்னிக்கு வேலை பாக்கும்போது எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் ஏதாவது வீட்ல இருந்தா அத பத்திரமா வைங்க, அதுக்குத் தான் மதிப்பு. இப்ப அவருக்கு என்ன தொந்தரவோ அத நரம்பு டாக்டர், கிட்னி டாக்டர் கிட்ட நேரா காட்டுங்க.

பாம்பார்_மகன்

நன்றி அக்கா. ஒரு பழைய ரிப்போர்ட் அம்மா பெட்டியில இருக்கு, எடுத்துப் பாக்கறேன்.

எம்எஸ்சி_கெமிஸ்ட்ரி_கோடை

அக்கா நான் இங்க எம்எஸ்சி படிக்கறேன், புராஜெக்டுக்கு இதையே எடுக்கலாம்னு இருக்கேன், நெறைய சந்தேகம் இருக்கு. எங்க டிபார்ட்மெண்ட்ல ஐ.சி.பி ஓ.ஈ.எஸ் பத்தி தான் சொல்லிக் குடுத்தாங்க, அதுலயும் பிளாஸ்மா தானே, அத வச்சு பண்ண முடியாதா? அப்புறம் ஃபேக்டரியில இருந்து வந்தது பாதரச உலோகம் தானே, மெத்தில் மெர்குரி எங்க இருந்து வந்துச்சு?

செண்பகனூர்_சாரல்

ஓ.ஈ.எஸ் ல அதே பிளாஸ்மா தாம்மா, அயனிய எண்ணாம அது விடற ஒளியோட நிறமாலைக் கோட்டப் பாப்பாங்க. நிறமாலை நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, 1909 ல எவர்ஷெட்ங்கற விஞ்ஞானி நம்ம கோடை வானாய்வகத்துல உக்காந்து தான் சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடறத அந்தக் கோடு நகர்றத வச்சே கண்டுபிடிச்சார். ஆனா ஏரித் தண்ணில இருக்கற அளவுக்கு ஓ.ஈ.எஸ் எட்டாது, அதுலயும் குழாய்ல பிரிச்சு ஒவ்வொரு வகையா வர்றப்ப அளவு இன்னும் கொறஞ்சுரும். எம்.எஸ் தான் வேணும். 1980 ல ஹவுக், ஃபாசல், கிரே இவங்க எல்லாம் சேந்து போட்ட பேப்பர்ல தான் இது ஆரம்பம், 1983 ல மெஷின் விற்பனைக்கு வந்துருச்சு.

ரெண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஜப்பான்ல இருக்கற மினமாட்டாவையும் கொடைக்கானலையும் ஒண்ணா பேசறவங்க நெறைய பேர், ஆனா வேதியியல் வேற. மினமாட்டாவில, 1956 ல மெர்குரி நோய் வெளிய தெரிஞ்ச ஊர்ல, அசிட்டால்டிஹைட்ங்கற ரசாயனம் தயாரிக்கற இடத்துலயே மெத்தில் மெர்குரி உருவாகி அப்படியே கடலுக்குப் போச்சு. இங்க வந்தது உலோக பாதரசம், அதோட ஆவி. அது காத்துல ஏறி, மழையில எறங்கி, சோலை மண்ணுல படிஞ்சு, ஓடை வழியா ஏரி அடிச் சேத்துக்குப் போகுது. அங்க ஆக்சிஜன் இல்ல. அந்த மாதிரி எடத்துல சல்பேட்ட வச்சு உயிர் வாழற பாக்டீரியா, இரும்ப வச்சு வாழற பாக்டீரியா இதெல்லாம் மெர்குரி மேல மெத்தில ஏத்தி விடுது. இதுக்குக் காரணமான ரெண்டு ஜீன 2013 ல தான் கண்டுபிடிச்சாங்க. அதே 2006 ஆய்வுல கோடை ஏரிச் சேத்துல இருந்த மெர்குரில சுமார் 6 சதவீதம் மெத்தில்னு வந்துச்சு, பேரிஜம்ல 3, 4 சதவீதம், குக்கல்ல 2. ஃபேக்டரிய மூடினதோட இந்த வேலை நிக்காது, சேத்துல பாதரசம் இருக்கற வரைக்கும் பாக்டீரியா அத மாத்திக்கிட்டே இருக்கும். 

புராஜெக்டுக்கு ஏரி சரியான எடம் தாம்மா. ஆனா தண்ணிய நேரா எச்.பி.எல்.சி ல ஏத்தி ஐ.சி.பி எம்.எஸ் ல பாக்கலாம்னு நெனைக்காத, 50 நானோகிராம் அளவு அதுக்கு விளிம்பு. தண்ணிக்கு எத்தில் ஏத்தி ஆவியாக்கி வாயுக் குழாய்ல பிரிக்கற முறை இருக்கு, அமெரிக்க சுற்றுச்சூழல் துறையோட 1630 நம்பர் முறை, அது லிட்டருக்கு 0.02 நானோகிராம் வரைக்கும் போகும், அதுல கடைசில இருக்கறது ஐ.சி.பி எம்.எஸ் இல்ல, அணு ஒளிர்வு டிடெக்டர். மீனுக்கும் சேத்துக்கும் எச்.பி.எல்.சி தாராளமா போதும்.

எம்எஸ்சி_கெமிஸ்ட்ரி_கோடை

அக்கா, பிரிக்கும்போதே ஒரு வகை இன்னொரு வகையா மாறிப் போச்சுன்னா? அத எப்படிக் கண்டுபிடிக்கறது?

செண்பகனூர்_சாரல்

இந்தக் கேள்வி கேட்டதுக்கே உன்ன பாராட்டணும், பெரிய பெரிய பேப்பர்லயே இது தெரியாம போட்டிருக்காங்க. 1990கள்ல சேத்துல இருந்து மெத்தில் மெர்குரிய காய்ச்சி வடிக்கற முறை எல்லாரும் பண்ணிட்டு இருந்தாங்க, அப்புறம் பாத்தா அந்தச் சூட்டுல மெத்தில் ஏறாத சாதா மெர்குரில கொஞ்சம் மெத்தில் மெர்குரியா மாறிருக்கு. சேத்துல சாதா மெர்குரி மலை மாதிரி இருக்கும்போது அதுல துளி மாறினாலும் மெத்தில் கணக்கு எகிறிரும்.

இதப் பிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரால தான் முடியும். மெர்குரிக்கு இயற்கையில ஏழு ஐசோடோப் (ஒரே தனிமம், அணுவோட நிறை மட்டும் வேற) இருக்கு, எதெது எத்தன சதவீதம்னு நமக்குத் தெரியும். 201 ஐசோடோப் மட்டும் செறிவா இருக்கற மெத்தில் மெர்குரிய அளந்து சாம்பிள்ல கலந்துரு, 199 செறிவா இருக்கற சாதா மெர்குரியும் கலந்துரு. எல்லா வேலையும் முடிச்சு கடைசில மெத்தில் மேட்டுல 199 கூடுதலா தெரிஞ்சா, லேப்லயே சாதா மெர்குரி மெத்தில் ஆகிருக்கு. சாதா மேட்டுல 201 கூடுதலா தெரிஞ்சா மெத்தில் உடைஞ்சிருக்கு. எவ்வளவு மாறுச்சுன்னு கணக்குப் போட்டு திருத்தவும் செய்யலாம். வழியில கொஞ்சம் சாம்பிள் சிந்தினாலும் விகிதம் மாறாதுங்கறதால ரிசல்ட் கெடாது. இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது தான்.

அப்புறம் நடைமுறை விஷயம் ஒண்ணு ரெண்டு. மெர்குரி டியூப்ல, கண்ணாடியில எல்லாம் ஒட்டிக்கும், ஒரு சாம்பிள் ஓட்டினா அடுத்த சாம்பிள்லயும் அதோட மிச்சம் தெரியும். கந்தகம் உள்ள சிஸ்டீனோ மெர்காப்டோஎத்தனாலோ கரைசல்ல கலந்து ஓட்டு, மெர்குரி கந்தகத்தப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். மெத்தனால் அதிகமா போடாத, பிளாஸ்மா அணைஞ்சுரும், மெஷினோட வாய்க் கூம்புல கார்பன் படியும். மீன்ல இருந்து எடுக்க சிஸ்டீன் கரைசல்ல 60 டிகிரில வச்சா போதும், கொதிக்க வைக்கவே வேணாம்.

பாதுகாப்பு விஷயத்துல கண்டிப்பா இரு. 1996 ல அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரியில கேரன் வெட்டர்ஹான்னு ஒரு பேராசிரியர், குரோமியம் விஷத்தன்மையில பெரிய ஆள், டைமெத்தில் மெர்குரி சில துளி அவங்க ரப்பர் கையுறை மேல விழுந்துச்சு. அந்தக் கையுறைய அது உடனே ஊடுருவிருச்சு. மாசக்கணக்குல ஒண்ணும் தெரியல, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. நீ வாங்கப் போறது நீர்த்த மெத்தில் மெர்குரி குளோரைடு தான், அது இது இல்ல, இருந்தாலும் ஃபியூம் ஹூடுக்கு வெளிய பாட்டிலத் திறக்காத.

திண்டுக்கல்_பேகம்பூர்

எங்க ஊர்ல தோல் ஷாப் தண்ணி பிரச்சனை, உங்களுக்குத் தெரியும். குரோமியம் ரிப்போர்ட்லயும் ஒரு நம்பர் தான் போடறாங்க. அதுக்கும் இந்த மாதிரி பாக்கலாமா?

செண்பகனூர்_சாரல்

கண்டிப்பா பாக்கலாம் அண்ணே, பாக்கவும் வேணும். தோல் பதனிட போடறது குரோமியம் மூணுங்கற வகை, அது அவ்வளவு மோசம் இல்ல. குரோமியம் ஆறுங்கற வகை தான் புற்றுநோய் உண்டாக்கறது, தண்ணில நல்லா கரைஞ்சு ரொம்ப தூரம் போறதும் அது தான். மூணையும் ஆறையும் ஒரே குழாய்ல பிரிக்க, மூண ஈ.டி.டி.ஏ ங்கற ரசாயனத்தோட சேத்துக் கட்டி எதிர்மின் அயனி ஆக்கி ஓட்டுவாங்க. 

ஆனா இதுக்கு சாம்பிள் எடுக்கறது மெர்குரிக்கு நேர் எதிர். வழக்கமா எல்லாத்துக்கும் பாட்டில்ல நைட்ரிக் ஆசிட் ஊத்திருவாங்க. கழிவுத் தண்ணில கரிமப் பொருள் நெறைய இருக்கும், அதுல ஆசிட் ஊத்தினா குரோமியம் ஆறு பாட்டில்லயே மூணா மாறிரும், லேப்ல ஆறு இல்லன்னு வரும். குரோமியம் ஆறு பாக்க காரத்தன்மை, பி.எச் 9க்குக் கொஞ்சம் மேல வச்சு, ஐஸ்ல கொண்டு போகணும். அதனால மெர்குரிக்கு ஒரு பாட்டில், குரோமியத்துக்கு ஒரு பாட்டில்னு தனித்தனியா எடுங்க.

பூம்பாறை_பூண்டு

நான் விவசாயி, உங்க பேச்சு பாதி தான் புரியுது, ஆனாலும் முழுசா படிச்சேன். எங்க மலைப்பூண்டுக்கு 2019 ல புவிசார் குறியீடு கெடச்சுது. பூண்டுல செலினியம் இருக்கு, அது ஒடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. அதுலயும் நல்லது கெட்டது வகை இருக்கா?

செண்பகனூர்_சாரல்

ஐயா, இருக்கு. மண்ணுல செலினேட், செலினைட்னு உப்பு வடிவத்துல இருக்கறத பூண்டு உறிஞ்சி, கந்தகம் இருக்க வேண்டிய எடத்துல செலினியத்த வச்சு அமினோ அமில வடிவமா மாத்திருது. செலினியம் போட்டு வளத்த பூண்டுல முக்கியமா இருக்கறது செலினியம் சேந்த மெத்தில் சிஸ்டீன் வகை, அதோட ஒரு குளூட்டமிக் அமிலம் ஒட்டியிருக்கும். இத வெளியே கொண்டு வந்ததுல எச்.பி.எல்.சி யோட சேந்த ஐ.சி.பி எம்.எஸ் க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா செலினியம் போடாம வளந்த பூண்டுல அளவு ரொம்பக் கம்மியா இருக்கும், உங்க பூண்டுல எவ்வளவுன்னு அளந்து பாத்தா தான் தெரியும். அதுக்காக யாராவது செலினியம் உரம் போடச் சொன்னா போடாதீங்க ஐயா, அளவு கொஞ்சம் தாண்டினாலே விஷம்.

எம்எஸ்சி_கெமிஸ்ட்ரி_கோடை

செலினியத்துல 80 நிறையில ஆர்கான் ரெண்டு சேந்து வந்து தொந்தரவு பண்ணும்னு படிச்சேன், ஆர்சனிக் 75 லயும் ஆர்கானும் குளோரினும் சேந்து வருமாம். கடல் மீன்ல உப்பு இருக்கே, அப்ப அதுல பாக்கற ஆர்சனிக் எல்லாம் பொய்யா?

செண்பகனூர்_சாரல்

பொய் இல்லம்மா. ஹீலியம் வாயு உள்ள ஒரு அறை வழியா அயனிய விடுவோம், சேந்து வர்ற அயனி உருவத்துல பெருசு, ஹீலியத்துல அதிகமா முட்டி வேகம் கொறஞ்சு வடிகட்டப்பட்டுரும், தனி அணு தாண்டிப் போயிரும். செலினியத்துக்கு ஹைட்ரஜன் விட்டா இன்னும் நல்லது, இல்லன்னா 78 ல பாரு. அதுவும் போக குழாய்ல பிரிக்கும்போது குளோரைடு தனியா ஒரு நேரத்துல வெளிய வந்துரும், ஆர்சனிக் மேட்டோட மோதாம பாத்துக்கலாம்.

கடல் மீன் பேச்சு வந்ததால சொல்றேன், இங்க கத தலைகீழ். ராமேஸ்வரத்துல இருந்து மலைக்கு வர்ற கடல் மீன்ல மொத்த ஆர்சனிக் பாத்தா பயந்துருவீங்க. ஆனா கடல் மீன்ல பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன்ங்கற வடிவம், அது ஒடம்புல ஒண்ணும் செய்யாம அப்படியே யூரின்ல போயிரும். கிணத்துத் தண்ணில அதே அளவு ஆர்சனைட்ங்கற வடிவமா இருந்தா ஆள அடிச்சுரும். மெர்குரில மொத்த நம்பர் கம்மியா இருந்தும் வடிவம் மோசம், ஆர்சனிக்ல மொத்த நம்பர் அதிகமா இருந்தும் வடிவம் சாது. மொத்தத்த மட்டும் பாத்தா ரெண்டுலயும் தப்பான முடிவுக்குத் தான் போவோம்.

வத்தலக்குண்டு_வாசி

சரிம்மா, இவ்வளவு தூரம் சொன்ன பிறகு நானும் கேட்டுக்கறேன். ஃபேக்டரி மண்ண சுத்தம் பண்றதுக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம்னு ஒரு அளவு வச்சாங்க, அது போதாதுன்னு போராட்டம் நடந்துச்சே, அதுவும் இந்த மாதிரி மொத்த நம்பர் தானா?

செண்பகனூர்_சாரல்

ஆமாண்ணே, மொத்தம் தான். மண்ணுல பிரச்சனை இன்னும் கஷ்டம், ஏன்னா ஐ.சி.பி எம்.எஸ் க்கு கரைசலா குடுத்தாகணும், கரைக்கும்போதே வடிவம் கலைஞ்சுரும். மெர்குரி சல்ஃபைடா இருந்தா கிட்டத்தட்ட கல்லு, அசையாது. மக்கின இலைதழையில ஒட்டியிருந்தா மழையில அதோட சேந்து ஓடைக்குப் போகும். உலோகமா இருந்தா வெயில்ல ஆவியாகும். மூணுக்கும் 20 ங்கற ஒரே எண் தான். படிப்படியா கொஞ்சம் கொஞ்சம் பலமான கரைசல்ல எடுக்கற முறை இருக்கு, அது எவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்குன்னு சொல்லும், வடிவத்த நேரா சொல்லாது. மண்ண மெல்ல சூடாக்கி எந்த டிகிரில மெர்குரி வெளிய வருதுன்னு பாக்கலாம், உலோகம் சீக்கிரம் வரும், சல்ஃபைடு பின்னாடி வரும். மண்ணக் கரைக்காமலே எக்ஸ்ரேயில பாக்க இந்தூர்ல இண்டஸ் 2 ங்கற ரொம்ப பலமான எக்ஸ்ரே குடுக்கற மெஷின் இருக்கு. ஃபேக்டரிக்குக் கீழ பாம்பார் ஓடை போயி கும்பக்கரை அருவி வழியா பெரியகுளம் பக்கம் எறங்குது. அந்த ஓடைக் கரை மண்ணுக்கு என் அபிப்பிராயத்துல மொத்த நம்பரோட சேத்து இந்த சூடாக்கற டெஸ்டும் கட்டாயம் கேக்கணும், செலவு பெருசா இல்ல.

மூஞ்சிக்கல்காரன்

அக்கா ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. கடைசியா நான் என்ன பண்ணட்டும்? வகை பாக்கற டெஸ்டுக்கு ரேட் கேட்டேன், மூச்சு நின்னுருச்சு.

செண்பகனூர்_சாரல்

தண்ணிய விட்டுருங்க தம்பி, மீனக் குடுங்க. மொதல்ல மொத்த மெர்குரி மட்டும் கேளுங்க, அது மலிவு. மீன் சதையில இருக்கற மெர்குரில பெரும்பகுதி மெத்தில் தான், அதனால மொத்தமே 0.25 மில்லிகிராமுக்குக் கீழ வந்தா மெத்தில் அதத் தாண்ட வழியே இல்ல, வகை டெஸ்டுக்கு காசு குடுக்க வேணாம். 0.25க்கு மேல வந்தா மட்டும் வகை பாக்கச் சொல்லுங்க.

லேப்ல சில விஷயம் கேளுங்க, கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. உங்க அங்கீகாரத்துல மெத்தில் மெர்குரின்னு பேர் போட்டு இருக்கா, இல்ல மெர்குரின்னு மட்டும் இருக்கான்னு கேளுங்க. கூடவே ஓட்டின சான்று சாம்பிள்ல (அளவு முன்னாடியே தெரிஞ்ச பொருள்) என்ன வந்துச்சுன்னு கேளுங்க, கனடாவோட டோர்ம் 4 ங்கற மீன் பொடின்னா மொத்தம் கிலோவுக்கு 0.41 கிட்ட, மெத்தில் 0.35 கிட்ட வரணும். வகை எல்லாத்தையும் கூட்டினா மொத்தத்தோட ஒத்துப் போகுதான்னு கேளுங்க, ரொம்ப கொறஞ்சா எங்கயோ ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு.

சின்ன மீன் வேணாம், வயசான பெரிய கெண்டையா ரெண்டு மூணு எடுங்க, அதுல தான் ஏறியிருக்கும். முதுகுப் பக்கம் சதைய துருப்பிடிக்காத கத்தியால வெட்டி, ஜிப் கவர்ல போட்டு உறைய வச்சு ஐஸ் பெட்டியில அனுப்புங்க, ஆசிட் எதுவும் வேணாம்.

எம்எஸ்சி_கெமிஸ்ட்ரி_கோடை

மூஞ்சிக்கல் அண்ணா, மீன் பிடிக்கப் போகும்போது சொல்லுங்க, நானும் என் கைடு கிட்ட கேட்டுட்டு வரேன். அதே இடத்துல ஏரி அடிச் சேறு எடுத்தா என் புராஜெக்டுக்கும் ஆச்சு, ரெண்டையும் வச்சுப் பாக்கலாம். சேத்துக்கு என்ன பாட்டில்க்கா?

செண்பகனூர்_சாரல்

சேத்த வாய் வரைக்கும் ரொப்பி மூடு, மேல காத்து நின்னா ஆக்சிஜன் உள்ள போயி வடிவம் மாற ஆரம்பிச்சுரும். டெஃப்லான் பாட்டில் கெடச்சா நல்லது, இல்லன்னா போரோசிலிகேட் கண்ணாடி, சாதா பாலித்தீன் வேணாம், அதுக்குள்ள மெர்குரி ஆவி ஊடுருவி உள்ளயும் போகும் வெளியயும் வரும். வெளிச்சம் பட்டாலும் மெத்தில் உடையும், அதனால கருப்புக் கவர்ல சுத்தி உடனே ஐஸ்ல வச்சு, அன்னிக்கே லேப்க்குக் கொண்டு போயிரு. தம்பி, நீங்க மீனோட நீளத்தையும் எடையையும் பிடிச்ச எடத்துலயே அளந்து எழுதி வைங்க, எந்தக் கரையில பிடிச்சதுன்னும் போடுங்க, உறைஞ்சப்புறம் அளந்தா சரியா வராது.